பயம் போகாத தமாரிஸ்

எங்கள் மலையூர் கோமுனாவில் தமாரிஸைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு பன்றி வேலிக் கதை வரும். சியூனே வளர்த்த சிவப்பு நாய் இரண்டு முறை குரைத்ததற்கு, கிழங்குப் பையோடு பன்றி வேலியின் மேல் ஏறி நின்று, "இயேசுவே, இயேசுவே" என்று ஊரையே கூட்டியவள் அவள். நாய் வேலியடியில் படுத்துத் தூங்கிவிட்டது. அவள் இறங்கவில்லை. கடைசியில் சியூனேதான் வந்து, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கிவிட்டான்.

"அத்தை, அதுக்குப் பல்லே பாதிதான் இருக்கு" என்றானாம்.

"மீதிப் பாதி இருக்குல்ல" என்றாளாம் இவள்.

அவளுக்கு என் வயதுதான், நாற்பத்தாறு. அதனால்தான் அவள் என்று எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பதினாறு வருடமாக இந்த மலையில் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறேன், இன்னும் சில வருடம் இருந்தாக வேண்டும். இதை எழுதுவது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. ஆனால் போதகர் போன மாதம் பிரசங்கத்தில் அவளை 'அஞ்சாத பெண்மணி' என்று சொல்லிவிட்டார். அது பொய். அவளுக்கே அதில் வருத்தம். உள்ளது உள்ளபடி ஓர் இடத்திலாவது இருக்கட்டும்.

ஆற்றுக்கு அக்கரையில் பிறந்து, பதினெட்டு வயதில் இக்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் கௌபா தூரத்துச் சுரங்கத்தில் வேலை செய்கிறான், கிறிஸ்துமஸுக்கு வருவான். மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வீடு, கிழங்குத் தோட்டம், நாற்பது காப்பிச் செடி, சனிக்கிழமை தோறும் கோவில் பெஞ்சுகளைத் துடைக்கும் வேலை. இவ்வளவுதான் அவள் வாழ்க்கை. மற்றதெல்லாம் பயம். நாய், இடி, ஊசி, புதுக் கல்லறை, சத்தமாகப் பேசும் ஆண்கள், எல்லாவற்றுக்கும் பயம். புதன்கிழமைப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொல்வார்கள். இவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரே விண்ணப்பம்தான் வைத்தாள். "ஆண்டவரே, என் பயத்தை எடுத்துப்போடும்."

"அக்கா, இந்த வாரமாவது வேற ஏதாச்சும் கேளேன். அவருக்கே காது வலிச்சிருக்கும்" என்பார்கள் மற்றவர்கள்.

"எடுத்துட்டார்னா நிறுத்திடறேன்."

ஒருமுறை வேதபாடத்தில் போதகரிடம் அவள் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் இருக்கிறது. "கெத்செமனே தோட்டத்துல ஜெபம் பண்ணினாரே, அப்ப அவருக்குக் கை நடுங்குச்சா ஐயா?"

போதகர் யோசித்தார். "ரத்தமா வேர்த்துதுன்னு இருக்கே. நடுங்காமலா இருந்திருக்கும்?"

"அப்ப சரி" என்று உட்கார்ந்துகொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இனி சொல்ல வேண்டியது சென்ற ஆண்டு காப்பிப் பறிப்புக்கு முன்னால் நடந்தது.

ஊரில் யாருக்காவது நோய் என்றால், சபைப் பெண்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுபோவார்கள். போகிறவள் வாசலில் நின்று, "இது இன்னார் கை" என்று சமைத்தவள் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாத சாப்பாட்டை நோயாளியின் வீட்டில் தொடமாட்டார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று வீட்டாரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சியூனேவுக்குக் காய்ச்சல் வந்தது. காப்பி மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன், முப்பத்தொரு வயது, கல்லுப்போல உடம்பு. இரண்டாம் நாள் சாப்பாட்டு முறை தமாரிஸுடையது. தோட்டத்துக் கிழங்கையும் கீரையையும் இலையில் கட்டிக் குழியடுப்பில் வேகவைத்தாள். பொட்டலத்தோடு அவன் வீட்டுத் திருப்பம் வரை போனாள். சிவப்பு நாய் வாசலில் நின்றது. கட்டியிருக்கவில்லை.

அந்த வழியாக லோயிஸ் வந்தாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து விதவையானவள். பிள்ளை இல்லை. கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்பதே யாருக்கும் தெரியாது. கோவிலில் தமாரிஸுக்குப் பக்கத்து இடம் அவளுடையது.

"தங்கச்சி, நீ கொண்டுபோய்க் குடுத்துடேன்."

"நாய்க்குப் பயந்தா?" லோயிஸ் சிரித்தாள்.

"மெதுவாப் பேசு. என் பேரைச் சொன்னேன்னா, அப்ப அவ எங்கேன்னு கேப்பாங்க. மறுபடியும் வேலிக் கதைதான். உன் கைன்னே சொல்லிடு."

லோயிஸ் வாசலில் நின்று, "இது லோயிஸ் கை" என்று சொன்னாள். சியூனேவின் அம்மா வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவனுக்குக் கழுத்து விறைத்தது. ஐந்தாம் நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது.

இங்கே கிழவர்கள் சாகலாம், கைக்குழந்தைகள் சாகலாம். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை தானாகச் சாவதில்லை. யாரோ செய்தால்தான் சாவான். சங்குமா என்பார்கள். உள்ளே இருந்துகொண்டு இதயத்தைத் தின்னும் ஒன்று, அது சில பெண்களிடம் இருக்கிறது என்பது நம்பிக்கை. நம்பாதவர்களும் அந்த வார்த்தையைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான்.

சடலத்தை, சாவுக்கென்று ஊர் கூடி அழும் அழுகை வீட்டில் வைத்தார்கள். ஊர் முழுக்க மஞ்சள் களிமண்ணைப் பூசிக்கொண்டு அழுதது. அழும்போதே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. யார் அழவில்லை, யார் அதிகமாக அழுகிறாள், யார் பிணத்தைத் தொட்டாள், யார் தொடவில்லை. மூன்றாம் நாள் சியூனேவின் தம்பி கிக்மாய், வேறு பள்ளத்தாக்கிலிருந்து ஒரு குறிகாரனை அழைத்து வந்தான். அந்த ஆள் இஞ்சியை மென்று துப்பிவிட்டு, "யார் யார் சாப்பாடு குடுத்தீங்க?" என்று கேட்டான். அம்மா பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். லோயிஸ் என்றதும் அவன் கையைத் தூக்கினான்.

அவளுக்காக வில்லெடுக்க ஆளில்லை என்பது குறிகாரனுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

லோயிஸைக் காப்பிக்கொட்டை தோலுரிக்கும் கொட்டகையில் கட்டிப்போட்டார்கள். இரும்பைக் காய்ச்சி, "இதயத்தை எங்க வச்சிருக்கே, திருப்பிக் குடு" என்று பாதங்களில் வைத்தார்கள். அவள் கத்தியது பள்ளிக்கூடம் வரை கேட்டது. போதகர் சபைக் கூட்டத்துக்காகக் கடற்கரைக்குப் போயிருந்தார். போலீஸுக்குப் போன் போட்டோம். வருகிறோம் என்றார்கள். நாங்கள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டோம்.

தமாரிஸ் தோட்டத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டு மோண்டா ஓடிப்போய்ச் சொன்னாள். அவள் கிழங்கு தோண்டும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். இரண்டு துணியும் பைபிளும் வலைப்பையில் திணித்தாள். அந்தச் சாப்பாடு யார் கையென்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி கொட்டகையில் இருக்கிறாள். அவள் எந்த நிமிடம் வாய் திறப்பாளோ. பாலத்தைத் தாண்டினால் அக்கரையில் அண்ணன்மார்.

வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்றுவிட்டாள். இடதுபக்கம் பாலம், வலதுபக்கம் அழுகை வீடு.

"எங்கக்கா போற?" என்று மோண்டா கேட்டாள்.

"தெரியல."

"தெரியலையா! ஆத்தைத் தாண்டி ஓடிடு. இன்னிக்கு இங்க பொம்பளையா இருக்கறதே ஆபத்து."

"அவ என் பேரைச் சொல்லிட்டாளா?"

"உன் பேரா? உன் பேரு எதுக்கு வருது? அவ யார் பேரையும் சொல்லல. கத்துறா, அவ்வளவுதான்."

அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். "ஜெபம் பண்ணினேன். பதில் ஒண்ணும் வரல. பயமும் போகல. புதருக்குள்ள ஓடி ஒதுங்கிட்டு வந்தேன். திரும்பி வந்து நிக்கறேன், கால் வலதுபக்கம் போகுது. நான் போகச் சொல்லல."

அழுகை வீட்டில் அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். வாசலில் நின்று சொன்னாள். அழுகைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னாள்.

"அந்தச் சாப்பாடு என் கை."

அழுகை நின்றது. கிக்மாய் எழுந்தான். கையில் கோடரி. "என்ன சொன்னே?"

"கிழங்கு என் தோட்டத்துது. வேகவச்சது நான். லோயிஸ் சும்மா தூக்கிட்டு வந்தா."

"அவ வாயாலேயே லோயிஸ் கைன்னு சொன்னாளே. அம்மா, சொன்னாள்ல?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"எதுக்கு?"

தமாரிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "நாய்க்குப் பயந்துதான்."

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது பரவியது. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, முகமெல்லாம் களிமண்ணோடு, ஊரே சிரித்தது. சியூனேவின் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள் என்கிறார்கள். அப்புறம் சிரிப்பு அறுந்ததுபோல நின்றது.

கிக்மாய் குறிகாரனைத் திரும்பிப் பார்த்தான். குறிகாரன் இஞ்சியை மென்றான். "அப்ப ரெண்டு பேரும்" என்றான்.

தமாரிஸையும் கொட்டகைக்குள் தள்ளினார்கள். லோயிஸ் மூட்டைகளின் மேல் கிடந்தாள். பாதங்களைப் பார்க்க முடியவில்லை.

"நீ எதுக்கு வந்தே?" என்றாள் லோயிஸ். கோபமாகத்தான் கேட்டாள். "நான் வாயைத் தெறக்கலையே. ஒருத்தி போதும்னுதானே கம்முனு இருந்தேன்."

"எனக்கு உக்கார இடம் குடு" என்றாள் தமாரிஸ்.

அன்று பகல் முழுதும் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. காரணம் எளிது. தமாரிஸின் அண்ணன்மார் நால்வர், அவர்கள் குலம் பெரியது. அவள்மேல் ஒரு விரல் பட்டால் இரண்டு கரைக்கும் சண்டை மூளும், வருடக்கணக்கில் நடக்கும். அவளிடமிருந்து லோயிஸைப் பிய்த்து எடுக்கலாம் என்றால், அவளைத் தொடாமல் எடுக்க வழியில்லை. இரண்டு கைகளாலும் லோயிஸின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் உள்ளே போனாள் என்று சிலர் பிறகு சொன்னார்கள். நான் அவளிடமே கேட்டேன். "அண்ணன்மார் நெனப்பே வரல. வந்திருந்தா அங்கதானே ஓடியிருப்பேன்" என்றாள்.

இங்கே செய்தி ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குக் கூவலாகப் போகும். மறுநாள் காலை அக்கரையில் ஆட்கள் நின்றார்கள். வில், வெட்டுக்கத்தி, இரண்டு துப்பாக்கி. மூத்தவன் வெமின் ஆற்றோரம் வந்து கூவினான்.

"எங்க தங்கச்சியை அனுப்புங்க! மத்தது உங்க பாடு!"

இக்கரைப் பெரியவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். "எழுந்து போம்மா. உங்க அண்ணன் வந்திருக்கான்."

தமாரிஸ் எழுந்தாள். கதவு வரை வந்தாள். இந்த இடத்தை அவள் யாரிடமும் மறைப்பதில்லை. "வெளிய வெயிலு தெரிஞ்சுது. போயிடலாம்னுதான் எழுந்தேன். ஒரு கால் வெளிய வச்சுட்டேன்" என்கிறாள். லோயிஸ் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன் என்றும் சொல்கிறாள்.

அங்கேயே நின்று கூவினாள். "அண்ணே! ரெண்டு பேரா வரோம்!"

"அவ உனக்கு யாருடி? நம்ம ரத்தமா?"

"ஒரே கிண்ணத்துல திருவிருந்து எடுத்தவ!"

"பைத்தியக்காரி! அவளுக்காக நான் அம்பு வாங்கணுமா?"

"நீ ஒண்ணும் வாங்க வேணாம். நீ அம்பு விட்டா, நான் திரும்பி உள்ள போயிடுவேன். கதவையும் நானே சாத்திக்குவேன்."

வெமின் அக்கரையில் அவளைத் திட்டிய திட்டெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் யாரும் அம்பு விடவில்லை. பெரியவர்கள் காப்பி மரத்தடியில் உட்கார்ந்து உச்சி வரை பேசினார்கள். முடிவில் ஒருவர் வந்து சொன்னார்.

"ரெண்டு பேரும் போங்க. அந்த லோயிஸ் திரும்பி வரக்கூடாது. பாலம் வரைக்கும் வழி விடறோம். முதுகுக்கு நாங்க பொறுப்பில்ல."

கொட்டகையிலிருந்து பாலம் முந்நூறு அடி இருக்கும். நல்ல காலுக்குச் சரிவு வழியில் இரண்டு நிமிடம். லோயிஸ் நடக்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். தூக்கிக்கொண்டு போக தமாரிஸுக்குப் பலம் போதாது. முன்னால் போனால் லோயிஸ் பின்னால் தனியாக விடப்படுவாள். ஆகவே தமாரிஸ் பின்னால் நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் கிக்மாய் நடந்தான். கோடரியோடு, கை எட்டும் தூரத்தில். அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பையன்கள்.

"திரும்பிப் பாரு" என்றான்.

அவள் திரும்பவில்லை.

"நாய் வருது அத்தை, வேலி மேல ஏறு."

பையன்கள் சிரித்தார்கள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சங்கீதம் எதுவும் நினைவுக்கு வரவில்லையாம். முப்பது வருடம் மனப்பாடம் செய்ததெல்லாம் போய், சாப்பாட்டுக்கு முன்னால் பிள்ளைகள் சொல்கிற நன்றி ஜெபம் ஒன்றுதான் வந்ததாம். இந்த உணவுக்காக ஸ்தோத்திரம், இந்த உணவுக்காக ஸ்தோத்திரம் என்று முந்நூறு அடியும் அதையே சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறாள். பாதி வழியில் பாவாடை நனைந்துவிட்டது. அதைப் பார்த்துப் பையன்கள் இன்னும் சிரித்தார்கள்.

பாலம் கொடியும் பலகையும் சேர்த்துக் கட்டியது. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் போகலாம். லோயிஸ் தவழ்ந்து ஏறினாள். அவள் அக்கரை சேரும் வரை தமாரிஸ் இக்கரையில் நிற்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் நீளமான நேரம். அக்கரையில் வெமின், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துகிறான். பலகை பலகையாக லோயிஸ் நகர்கிறாள். நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள்.

கிக்மாய் இன்னும் அருகில் வந்தான். இஞ்சியும் புகையிலையும் கலந்த அவன் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல தம்பி. காலைப் பாரு."

அவன் பார்த்தான். அவள் கணுக்கால்கள் பாலத்துக் கொடியைவிட அதிகமாக ஆடிக்கொண்டிருந்தன.

பிறகு கேட்டான். குரல் வேறாக இருந்ததாம்.

"அந்தக் கிழங்கை அண்ணன் சாப்பிட்டானா?"

"எனக்குத் தெரியாதுப்பா. நான் உள்ள வரல. வந்திருக்கணும். வந்து அவன் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று நாளாகப் பயந்து பயந்து அழுத அழுகை வேறு. வேலியிலிருந்து தன்னைத் தூக்கி இறக்கியவனுக்காக, அவன் பெயரைச் சொல்லி, முறைப்படி இழுத்து அழுதாள், ஆற்றைப் பார்த்தபடி. பின்னால் பையன்களின் சிரிப்பு நின்றுவிட்டது. கிக்மாய் கோடரியைத் தரையில் ஊன்றிக்கொண்டான். அவனும் அழுதானா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அதனால் அவளுக்கும் தெரியாது.

லோயிஸ் அக்கரை மண்ணைத் தொட்டாள். தமாரிஸ் பாலத்தில் கால் வைத்தாள். கோடரி வரவில்லை.

வெமின் அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, ஓங்கி ஓர் அறை விட்டான். பிறகு தன் மேல்துணியை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டிவிட்டான்.

போலீஸ் மறுநாள் வந்தது. குறிகாரன் அதற்குள் போய்விட்டான். எங்கோ இருக்கிறான். லோயிஸ் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது கடற்கரை டவுனில் ஒரு சபை வீட்டில் துணி தைக்கிறாள். கைத்தடியோடு நடக்கிறாள். தமாரிஸ் அக்கரையில் அண்ணன்மாரிடமே தங்கியிருக்கலாம். கௌபாவும் போன் போட்டு அதைத்தான் சொன்னான். ஆனால் காப்பி பழுத்த நேரத்தில், ஒரு சனிக்கிழமை, அதே பாலத்தைத் தாண்டித் தனியாக வந்தாள். வந்து நேராகக் கோவிலுக்குப் போய் பெஞ்சுகளைத் துடைத்தாள்.

"எதுக்கு வந்தே?" என்று மோண்டா கேட்டாள். "அடுத்த சாவு விழாம இருக்குமா? அப்ப உன்னைத்தானே பாப்பாங்க?"

"பாப்பாங்க."

"பயமா இல்லையா?"

"எனக்கா?" என்று மோண்டாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். "நேத்து முழுக்கத் தூங்கல. அடுத்த சாவுக்கு எவளையாவது கட்டிப்போடுவாங்கல்ல. அவளுக்குப் பக்கத்துல உக்கார ஆள் வேணும். நீ உக்காருவியா?"

மோண்டா பதில் சொல்லவில்லை. அன்று அங்கே இருந்த நானும் சொல்லவில்லை.

மறுநாள் ஆராதனையில் தமாரிஸின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இரண்டாம் பாட்டு பாடும்போது சியூனேவின் அம்மா எழுந்து வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஒரு வருடமாகிறது. ஞாயிறு தோறும் பார்க்கிறேன். இடைவெளி குறையவில்லை, அந்த அம்மா இடம் மாறவும் இல்லை. புதன்கிழமைகளில் தமாரிஸ் அதே விண்ணப்பத்தைத்தான் வைக்கிறாள். இப்போது யாரும் கேலி செய்வதில்லை.